501-ஆவது யூனிட்டின் விலை

உத்தமபாளையத்தில் பள்ளி ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு கோடை முடியும் தறுவாயில் கைப்பேசியில் வந்திருந்த மின்கட்டணக் குறுஞ்செய்தியை என்னிடம் நீட்டி, "ஐயா, மீட்டரில் ஏதும் கோளாறு இருக்குமோ?" என்று கேட்டார். மீட்டரில் கோளாறு இல்லை. ஏசி வாங்கிய அன்று கடையில் போட்டுக்காட்டிய கணக்கில்தான் கோளாறு.

அவர் வீட்டில் இரண்டு மாதங்களுக்கு ஏறத்தாழ 350 யூனிட் செலவாகும். எளிமைக்காக 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணத்தையே எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலையில் விகிதங்கள் ஏறினாலும் கணக்கின் போக்கு அதுதான். 350 யூனிட்டுக்கு 900 ரூபாய். அதாவது யூனிட்டுக்குச் சராசரியாக இரண்டரை ரூபாய். புதிய ஏசி மணிக்கு ஒரு யூனிட் எடுக்கும், இரவு எட்டு மணி நேரம் ஓடும் என்றால் இரண்டு மாதங்களில் 480 யூனிட். ஆக, 1,200 ரூபாய் கூடும் என்று கடைக்காரர் சொன்னார், இவரும் நம்பினார். ஆனால் மொத்தம் 830 யூனிட் ஆனதும் கட்டணம் 4,850 ரூபாய். கூடுதலாகச் செலவான ஒவ்வொரு யூனிட்டுக்கும் அவர் கொடுத்தது எட்டு ரூபாய்க்கும் மேல். சராசரிச் செலவுக்கும் இறுதிநிலைச் செலவுக்கும் உள்ள வேறுபாட்டை முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். அதே வகுப்பில் அமர்ந்திருந்தவர்தான் அவரும்.

நம் மாநிலத்தின் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதை எல்லோரும் அறிவர். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகையும் பின்னோக்கிப் பறிபோகும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதே கட்டணப்படி 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய்! நடுத்தரக் குடும்பத்தை இந்த எல்லைக்கு அப்பால் தள்ளிவிடும் பொருள் பெரும்பாலும் ஏசிதான்.

ஏசி வாங்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. முதியவர்களும் நோயாளிகளும் உள்ள வீட்டில் அது ஆடம்பரமன்று. ஆனால் அந்த இயந்திரம் எதனோடு போராடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்த வெப்பத்தை இரவில்தான் அறைக்குள் உமிழ்கிறது. வெளியே காற்று தணிந்த பிறகும் மாடி அறை கொதிப்பது இதனால்தான். மின்விசிறியும் கூரையடியில் தேங்கிய சூட்டைக் கீழே தள்ளுகிறது. ஒரு 'டன்' ஏசி என்பது, ஒரு டன் பனிக்கட்டியை 24 மணி நேரத்தில் உருக்கத் தேவையான வெப்பத்தை அறையிலிருந்து அகற்றும் திறன். தலைக்கு மேல் அடுப்பை எரியவிட்டுக் கீழே பனிக்கட்டியை அடுக்குவதுபோலத்தான் நாம் பணத்தைச் செலவிடுகிறோம்.

நம் கொத்தனார்களுக்கு இது தெரியாததன்று. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பூச்சின் மேல் தட்டு ஓடு பதித்த தளங்கள் சின்னமனூரிலும் போடியிலும் பழைய வீடுகளில் இன்னும் இருக்கின்றன. செலவு மிச்சம் என்று அதைக் கைவிட்டோம். இப்போதும் மாசி மாதத்தில் மொட்டை மாடியைக் கழுவி, பசை கலந்த சுண்ணாம்பை இரண்டு முறை அடித்தால் அந்தக் கோடைக்குத் தாங்கும். ஐப்பசி மழையில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். என் வீட்டு மாடி அறையில் வெப்பமானி ஒன்றை மாட்டி வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த பிறகு மூன்று டிகிரி குறைந்தது. வெயிலில் கிடக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்கும் வெள்ளை பூசலாம். நண்பகலில் குழாயைத் திறந்தால் கை சுடாது. இத்தனைக்கும் பிறகு ஏசி தேவைப்பட்டால் வாங்குங்கள். வெளிப்புறப் பெட்டியை மேற்கு வெயிலில் வைக்காதீர்கள். வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் வாரியம். 26-இல் வைத்து மின்விசிறியைச் சுழலவிட்டால் தூக்கம் கெடாது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இயற்கை தந்த கொடையொன்றும் உண்டு. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியே இறங்கும் காற்று ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளையே சுழற்றுகிறது. நாமோ அடுத்த வீட்டுச் சுவரோடு சுவர் ஒட்டி, ஒரு பக்கம் மட்டும் சன்னல் வைத்துக் கட்டுகிறோம். வந்த காற்று எப்படி வெளியேறும்?

இது தனி வீட்டுப் பிரச்சினை மட்டுமன்று. 2024 மே 2-ஆம் தேதி தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. குமுளி மலைப்பாதையில் போவோர் பார்க்கும் அந்த நான்கு பெருங்குழாய்களின் வழியே இறங்கும் பெரியாற்று நீர்தான் லோயர் கேம்ப் மின்நிலையத்தை இயக்குகிறது. அணையின் நீர்மட்டம் 104 அடிக்கு இறங்கிவிட்டால் தமிழகத்துக்குத் தண்ணீர் எடுக்க இயலாது. நமக்கு மின்சாரம் மிகுதியாக வேண்டிய சித்திரையில்தான் நம் ஊர் நீர்மின்சாரம் மெலிந்துகிடக்கிறது.

என்னை உறுத்துவது மாத ஊதியக்காரரின் கட்டணமன்று. கலைஞரின் கனவு இல்லத் திட்டம், 2030-க்குள் குடிசையில்லாத் தமிழகம் என்ற இலக்கோடு எட்டு லட்சம் வீடுகளுக்காக அறிவிக்கப்பட்டது. 360 சதுர அடி வீட்டில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. தீக்கும் மழைக்கும் அஞ்சி வாழ்ந்தவர்களுக்கு அது பெரும் விடுதலை, ஐயமில்லை. ஆனால் திராட்சைத் தோட்டத்தில் பகலெல்லாம் வெயிலில் நின்றுவிட்டு வருபவர், கீற்றுக் கூரையின் குளுமையை இழந்து வெறும் கான்கிரீட்டின் அடியில் படுக்கிறார். ஏசி அவருக்கு எட்டாதது. 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற குடியிருப்பு ஆற்றல் விதிகள், கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியே, உள்ளும் புறமும் உள்ள ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் கடக்கக் கூடாது என்கின்றன. வெறும் கான்கிரீட் தளம் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கடத்தும்.

தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்து, 2028-க்குள் 300 சதுர கிலோமீட்டர் கூரைப்பரப்பை இலக்காக வைத்தது. தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். வரவேற்கத்தக்கதே. அரசு பணம் தரும் ஒவ்வொரு வீட்டின் மதிப்பீட்டிலும் தட்டு ஓட்டுக்கோ வெள்ளைப் பூச்சுக்கோ ஒரு வரி சேர்த்தால், அந்த நிவாரணம் கேட்டு வருவோர் எண்ணிக்கை குறையும். வாடகை வீடுகளுக்கு உள்ளாட்சி அமைப்புகள்தான் வழி காண வேண்டும். கூரை வீட்டுக்காரருடையது, கட்டணம் குடியிருப்பவருடையது என்பதால் இருவருமே சுண்ணாம்பு வாளியைத் தொடமாட்டார்கள். வெள்ளையடித்த வீட்டுக்குச் சொத்துவரியில் சிறு தள்ளுபடி தந்து பார்க்கலாம்.

என் மாணவர் இந்த மாசியில் சுண்ணாம்பு அடித்துவிட்டார். காயப்போட்ட மிளகாயில் வெள்ளை ஒட்டுகிறது என்று அவருடைய அம்மாவுக்குக் கோபம். இப்போது தார்ப்பாய் விரித்துக் காய வைக்கிறார்கள். ஏசியைப் பதினோரு மணிக்கு மேல்தான் போடுகிறார்களாம். மீட்டர் 500-ஐத் தாண்டியதா என்பது கணக்கெடுக்க ஆள் வரும் அன்று தெரியும்.