பேட்டியும் ஓர் அமானிதம்

 

அண்மையில் உடுப்பிட்டிக்குப் போயிருந்தேன். நண்பர் ஒருவரின் தாயார், ஓய்வுபெற்ற தமிழாசிரியை, எண்பது வயதைத் தாண்டியவர், என்னைப் பார்க்க வேண்டுமென்று சொல்லியனுப்பியிருந்தார். என் பாட்டனாரை அவருக்குத் தெரியுமாம்.

பாட்டனார் பருத்தித்துறையிலிருந்து சைக்கிளில் புடைவை கட்டிக்கொண்டு வந்து அந்த ஒழுங்கைகளில் விற்றவர். “அசர் தொழுறதுக்கு எங்கட திண்ணையிலதான் காக்கா நிற்பார். அவருக்கெண்டு அம்மா ஒரு பாய் வைச்சிருந்தவ” என்று அந்தத் தாய் சொன்னபோது என் கண்கள் நிறைந்துவிட்டன. உடனே கைத்தொலைபேசியை எடுத்து அவருக்கு நேரே பிடித்தேன். அவர் கையை உயர்த்தினார்.

“தம்பி, கேட்டுப்போட்டெல்லோ எடுக்கவேணும்.”

வெட்கிப் போனேன். பிறர் வீட்டினுள் அனுமதியின்றி நுழையக் கூடாது, திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்ற சூரத்துந் நூரின் கட்டளையை ஆண்டுதோறும் மாணவர்களுக்கு ஓதிக் கொடுப்பவன் நான். வாசலுக்குக் கேட்கத் தெரிந்த எனக்கு முகத்துக்குக் கேட்கத் தோன்றவில்லை! மன்னிப்புக் கேட்டேன். “பேச்சைப் பதியுங்கோ, படம் வேண்டாம்” என்றார். அப்படியே செய்தேன்.

விடைபெறும்போது அலுமாரியிலிருந்து ஒரு நூலை எடுத்துத் தந்தார். ஏ. கே. செட்டியாரின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. கோட்டையூரில் 1911 இல் பிறந்து 1983 இல் மறைந்தவர். ‘குமரி மலர்’ ஆசிரியர். 1937 ஒக்டோபர் 2 அன்று அத்திலாந்திக் கடலில் கப்பலில் போகும்போது, காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் அலைந்தார். காந்தியை அறிந்தவர்களைத் தேடிச் சென்று கண்டார். பலர் எடுத்திருந்த படச்சுருள்களில் 50,000 அடி சேர்த்தார். 1940 இல் படம் வெளிவந்தது. அந்த அனுபவங்களைச் சொல்லும் நூலில் பெரியவர்கள் பலர் வருகிறார்கள். செட்டியாரோ தம்மை முன்னால் நிறுத்தவேயில்லை. பேட்டி காண்பவருக்கு இது பெரிய அதபு.

நமது ஸலபுகள் இதற்கு முன்மாதிரிகள். ஒரேயொரு ஹதீஸைக் கேட்பதற்காக ஜாபிர் இப்னு அப்தில்லாஹ் (ரழி) அவர்கள் ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் தேசம் சென்றார்கள். அங்கும் வாசலில் நின்று சொல்லியனுப்பியே அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரழி) அவர்களைச் சந்தித்தார்கள். எல்லோரும் ஒரு மாதம் பயணம் போக வேண்டியதில்லை. உர்வா (ரஹ்) அவர்கள் கேட்டது தம் சாச்சியிடம்! அன்னை ஆயிஷா (ரழி) அவர்களிடம் சகோதரியின் மகன் கேட்டுக் கேட்டுப் பெற்ற அறிவு இன்றும் நம் கிதாபுகளில் இருக்கிறது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஓர் உம்மம்மா இருப்பார். பிரபலமானவரிடம் கேட்க நூறு பேர் வருவர். அவரிடம் கேட்க நீங்கள்தான் உண்டு. ஓய்வான நேரம் பார்த்து, அனுமதி கேட்டு அமருங்கள். யார் குர்ஆன் ஓதிக் கொடுத்தார்? கலியாணத்துக்கு எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? சிறிய கேள்விகளே போதும். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். “இது வெளியே போகவேண்டாம்” என்றால் அது அங்கேயே நிற்கட்டும். சபையில் பேசப்படுபவை அமானிதம் என்பது நபிமொழியின் கருத்து. படம் எடுப்பது பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் கேளாமல் எடுப்பது சரியென்று எவரும் சொல்லமாட்டார்.

1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எங்கள் படங்களெல்லாம் வீட்டோடு போயின. பாட்டனார் புத்தளத்தில் அகதி முகாமில் மௌத்தானார். பல மாலைகள் அவர் பக்கத்தில் இருந்திருக்கிறேன். ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவர் தொழுத திண்ணையைப் பற்றி, முப்பது ஆண்டுகள் கழித்து உடுப்பிட்டியில் ஒரு தமிழ்த் தாய் சொல்லித்தான் அறிந்தேன்.

நீங்கள் இன்றே கேளுங்கள். நம் மூத்தோருக்கு அல்லாஹ் ஆஃபியத்தையும், முன்சென்றோருக்கு மஃபிரத்தையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.