கிரெடிட் வங்கி: வரவு யாருக்கு, செலவு யாருக்கு?

தேசியக் கல்விக் கொள்கையின் முதலாண்டு நிறைவையொட்டி 2021 ஜூலை 29 அன்று பிரதமர் தொடங்கிவைத்த திட்டங்களுள் ‘கல்விசார் கிரெடிட் வங்கி’யும் ஒன்று. ஒரு கல்லூரியில் மாணவர் தேறிய பாடங்களுக்குரிய மதிப்பு அலகுகள், அதாவது கிரெடிட்டுகள், அவர் பெயரிலுள்ள மின்னணுக் கணக்கில் சேமிக்கப்படும். வேறு கல்லூரிக்கு மாறும்போதோ, இடையில் நிறுத்திய படிப்பைத் தொடரும்போதோ அவற்றை அவர் எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளலாம். நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோல் வேண்டும் என்ற காரணத்தைக் கூறி, 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு இளநிலைப் படிப்புக்கான கிரெடிட் சட்டகத்தை வெளியிட்டது. 2023 ஏப்ரலில் தேசிய கிரெடிட் சட்டகம் வந்தது. ஓராண்டுக் கற்றல் 1,200 மணி நேரம், அதற்கு 40 கிரெடிட் என்று கணக்கு வகுக்கப்பட்டது. 40 கிரெடிட்டுடன் வெளியேறினால் சான்றிதழ், 80 என்றால் பட்டயம், 120 என்றால் பட்டம், 160 என்றால் ஆனர்ஸ் பட்டம்.

கல்லூரி மாறும் மாணவரின் படிப்பு வீணாகக் கூடாது என்பது நியாயமான கோரிக்கை. திருமணத்துக்குப் பின் வேறு மாநிலத்துக்குச் செல்லும் பெண், வேலை தேடி இடம்பெயரும் தொழிலாளியின் மகன், தந்தையின் மரணத்தால் படிப்பை நிறுத்திச் சம்பாதிக்கச் சென்றவர் ஆகியோர் இணைச் சான்றிதழுக்கும் இடப்பெயர்வுச் சான்றிதழுக்குமாகப் பல்கலைக்கழக அலுவலகங்களில் அலைந்து, இறுதியில் முதலாம் ஆண்டிலிருந்தே மீண்டும் தொடங்க நேர்ந்த கதைகள் ஏராளம். இந்த அநீதியை நீக்க வேண்டும் என்பதில் இடதுசாரிகளுக்கு மாறுபட்ட கருத்து இருக்க முடியாது. ஆனால் ஒரு சீர்திருத்தத்தின் நோக்கத்தை ஆதரிப்பதாலேயே அதன் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்ற கேள்வியைக் கைவிட்டுவிட முடியாது. பொதுக் கல்லூரிகளுக்கிடையே கிரெடிட் மாற்றத்தைத் தரப்படுத்தும் இத்திட்டத்தில் அளவுகோலை ஒன்றிய அரசு வகுக்கிறது. அதற்கான விலையை மாநில அரசுக் கல்லூரிகளும், ஆசிரியர்களும், ஏழை மாணவர்களும் செலுத்துகிறார்கள்.

அளவுகோல் பிறந்த இடம்

கற்றலை மணிக்கணக்கில் அளக்கும் முறை வகுப்பறையின் தேவையிலிருந்து தோன்றியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கார்னகி அறக்கட்டளை பேராசிரியர்களுக்கான ஓய்வூதியத் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் சேர விரும்பும் கல்லூரிகளைத் தரம்பிரிக்க ஒரு பொது அலகு தேவைப்பட்டது. தொழிற்சாலைகளில் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் கடிகாரம் வைத்து அளந்த டெய்லரின் வழிவந்த பொறியாளர் மாரிஸ் குக், 1910இல் அந்த அறக்கட்டளைக்காக எழுதிய அறிக்கையில், கல்லூரியின் ‘உற்பத்தித் திறனை’ மாணவர்–மணிக் கணக்கில் அளக்கலாம் என்றார். ஆசிரியரின் உழைப்பையும் மாணவரின் கல்வியையும் ஒரே நாணயத்தில் கணக்கிடும் ஏற்பாடு அவ்வாறு வேரூன்றியது.

அலகு என்பது தன்னளவில் தீங்கானது என்று கூறிவிட முடியாது. ஐரோப்பாவிலும் 1989 முதல் கிரெடிட் மாற்ற முறை இருந்து வருகிறது. ஆனால் அங்கு அது, பிற நாட்டில் சென்று படிக்கும் மாணவருக்குப் பொதுப்பணத்திலிருந்து உதவித்தொகை தரும் எராஸ்மஸ் திட்டத்தின் பகுதியாகவே தொடங்கியது. மாணவர் நகர்வதற்கான பணம் ஒதுக்கப்பட்டது; அவருடைய படிப்பைக் கணக்கிடும் அலகு அதனுடன் வந்தது. அங்குங்கூட போலோனியா உடன்பாட்டின் பெயரால் பாடத்திட்டங்கள் இறுக்கமாகச் சுருக்கப்பட்டபோது, 2009இல் ஆஸ்திரிய, ஜெர்மானிய மாணவர்கள் பல்கலைக்கழக அரங்குகளைக் கைப்பற்றிப் போராடினர். இந்தியாவிலோ அலகு மட்டும் வந்திருக்கிறது, பணம் வரவில்லை.

தாளில் மாறுவதும் தரையில் மாறாததும்

கிரெடிட் மாற்றம் நன்கு வேரூன்றிய அமெரிக்காவின் அனுபவம் எச்சரிக்கையாக நிற்கிறது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாக 43 சதவீத கிரெடிட்டுகளை இழந்தனர் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. ஒரு கல்லூரி கிரெடிட்டை ஏற்பது வேறு, அதை மாணவரின் முதன்மைப் பாடத்துக்கு உரியதாகக் கணக்கில் கொள்வது வேறு. இரண்டு பாடங்களின் பெயரும் எண்ணும் ஒன்றாக இருந்தாலும், ஓரிடத்தில் ஆய்வகத்தில் செய்து கற்றது இன்னோரிடத்தில் கரும்பலகையோடு முடிந்திருக்கலாம். பொருத்தம் பார்த்து, இடைவெளியை அடையாளம் கண்டு, விடுபட்டதைக் கற்பிக்க ஆசிரியர்கள் தேவை. அந்த உழைப்புக்குக் கணினியில் உருவாக்கப்படும் கணக்கு ஈடாகாது.

இந்தியாவின் நிலைமை இன்னும் சிக்கலானது. 2021–22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 4.33 கோடி மாணவர்கள் 1,168 பல்கலைக்கழகங்களிலும் 45,473 கல்லூரிகளிலும் பிற நிறுவனங்களிலும் படிக்கிறார்கள். கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவை பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டவை. தாமாகப் பாடத்திட்டம் வகுக்கவோ தேர்வு நடத்தவோ இயலாதவை. பீகாரின் பல பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் பட்டத்தை முடிக்க ஐந்து ஆண்டுகள் வரை ஆனது நாடறிந்த செய்தி. தேர்வே நடக்காத, நடந்தாலும் மதிப்பெண் வெளிவராத இடத்தில் மாணவர் எந்த கிரெடிட்டை வங்கியில் செலுத்துவார்? கணக்கிலுள்ள கிரெடிட்டோ அதிகபட்சம் ஏழாண்டுகளில் காலாவதியாகிவிடும். தாமதம் நிறுவனத்துடையது, காலாவதி மட்டும் மாணவருடையது.

மாறிச் செல்லும் மாணவருடன் கிரெடிட்டைத் தவிர வேறு எவை செல்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். விடுதி இடம் உடன் செல்வதில்லை. மாநில அரசின் கட்டணச் சலுகை மாநில எல்லையைத் தாண்டுவதில்லை. ஒரு மாநிலத்தில் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் அடுத்த மாநிலத்தின் பட்டியலில் இல்லாமற்போகலாம். இரண்டாம் ஆண்டில் காலியாகும் ஒரு சில இடங்களுக்கு இட ஒதுக்கீட்டை எவ்வாறு கணக்கிடுவது என்ற கேள்வியும் நிற்கிறது. இவற்றுக்கெல்லாம் சொந்தப் பணத்தில் வழிகாணக் கூடிய மாணவருக்கே மாறும் உரிமை உண்மையில் பயன்படும். மற்றவர்களுக்கு அது செல்பேசித் திரையில் தெரியும் ஓர் எண் மட்டுமே. அந்த எண்ணைப் பெறுவதிலும் ஆதாரிலுள்ள பெயரும் பள்ளிச் சான்றிதழிலுள்ள பெயரும் ஓர் எழுத்து மாறியதால் இணையச் சேவை மையங்களில் காத்துக்கிடப்போர் கிராமப்புற மாணவர்களே.

இதே கட்டமைப்பின் மறுமுகம்தான் ‘பலமுறை நுழைவு, பலமுறை வெளியேற்றம்’. வறுமையால் முதலாம் ஆண்டோடு நின்றுவிடும் தலித், பழங்குடி மாணவியை இதுவரை ‘இடைநின்றவர்’ என்று பதிவேடு குறித்தது. அரசு அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இனி அவர் ‘சான்றிதழ் பெற்று வெளியேறியவர்’. இடைநிற்றல் குறையாமலே புள்ளிவிவரத்தில் மறைந்துவிடும். வேலைச் சந்தையில் அந்த ஓராண்டுச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு என்பதற்கு அரசிடம் பதில் இல்லை.

இந்த ஐயங்களை இடதுசாரிகள் மட்டும் எழுப்பவில்லை. பாஜக உறுப்பினர் ஒருவரின் தலைமையிலான கல்விக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே 2023 செப்டம்பரில் அளித்த அறிக்கையில், எத்தனை பேர் வெளியேறுவர், எத்தனை பேர் இடையில் வந்து சேர்வர் என்பதைக் கல்லூரிகளால் முன்கூட்டியே அறிய இயலாது என்றும், இதனால் மாணவர்–ஆசிரியர் விகிதம் குலையும் என்றும் கூறியது.

பணியிடங்களை விழுங்கும் கணக்கு

செலவின் பெரும்பங்கு ஆசிரியர்கள்மீது விழுகிறது. மானியக் குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் பணி. ஒரு துறைக்கு எத்தனை பணியிடம் என்பது இந்தப் பணிச்சுமையைக் கொண்டே முடிவாகிறது. மறுபுறம், 2021ஆம் ஆண்டின் விதிகள் ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ‘ஸ்வயம்’ இணையத் தளத்தில் படித்து கிரெடிட் பெற அனுமதிக்கின்றன. முன்பு இந்த வரம்பு 20 சதவீதமாக இருந்தது. கணக்கு எளியது. வாரம் 80 மணி நேரக் கற்பித்தல் உள்ள துறைக்கு ஐந்து உதவிப் பேராசிரியர்கள் தேவை. அதில் 40 சதவீதம் இணையத்துக்குச் சென்றால் எஞ்சுவது 48 மணி நேரம். மூன்று பேர் போதும். பணிநீக்க ஆணை எதுவும் இன்றியே இரண்டு பணியிடங்கள் மறைந்துவிடுகின்றன. முதலில் வெளியேற்றப்படுவோர் கௌரவ விரிவுரையாளர்களும் ஒப்பந்த ஆசிரியர்களுமே.

எஞ்சியிருக்கும் ஆசிரியருக்குப் பணி குறைவதுமில்லை. பாட ஒப்பீடு, கிரெடிட் பதிவேற்றம், நடுவில் சேரும் மாணவருக்கு விடுபட்டதைக் கற்பித்தல், பல்வகை விருப்பப் பாடங்களுக்கான அகமதிப்பீடு ஆகியவை அவர்மேல் ஏறுகின்றன. இவை பணிச்சுமைக் கணக்கில் இடம்பெறுவதில்லை. பயன்மதிப்பைப் பரிமாற்ற மதிப்பு ஆட்கொள்ளும்போது அளவுக்குள் வராத உழைப்பு கூலியற்ற உழைப்பாகிவிடுகிறது என்பதற்குக் கல்லூரி ஆசிரியரின் இன்றைய மாலைநேரமே சான்று.

மாவட்டக் கல்லூரிகளுக்கு மற்றுமோர் ஆபத்தும் உண்டு. மாணவரின் நகர்வு இயல்பாகவே சிற்றூரிலிருந்து பெருநகரை நோக்கியது. வசதியும் மதிப்பெண்ணும் உள்ள சிலர் இரண்டாம் ஆண்டில் வெளியேறினால், மாணவர் எண்ணிக்கை குறைந்ததைக் காட்டி அப்பாடப்பிரிவையே மூட முடியும். அண்டையிலுள்ள அந்தக் கல்லூரியை விட்டால் வேறு வழியில்லாத பெண்களே அதனால் கல்வியை இழப்பார்கள்.

பொது அளவிலிருந்து பொதுப் பாடத்திட்டத்துக்கு

1976இல் 42ஆவது திருத்தம் கல்வியை ஒத்திசைவுப் பட்டியலுக்குக் கொண்டுசென்றது. உயர்கல்வியில் தரத்தை ஒருங்கிணைப்பதும் நிர்ணயிப்பதும் ஒன்றியப் பட்டியலின் 66ஆவது பதிவின்கீழ் ஒன்றிய அரசின் அதிகாரம். அந்த ஒரு பதிவைக் கொண்டே பாடத்தின் உள்ளடக்கம் வரை கை நீள்கிறது. கிரெடிட் எளிதில் மாற வேண்டுமானால் பாடம் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அடுத்த வாதம். 2021இல் மானியக் குழு முன்வைத்த வரலாற்றுப் பாடத்திட்ட வரைவு ‘பாரதம் என்னும் கருத்து’ என்ற தாளுடன் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் ஒன்பது பாடங்களுக்கான வரைவுகள் வெளியாகிப் பரவலான எதிர்ப்பைச் சந்தித்தன. வங்கத்தின் தெபாகா எழுச்சியோ, தெலங்கானாவின் ஆயுதப் போராட்டமோ, வைக்கமோ நாடு முழுவதும் மாற்றத்தக்க தாளில் எத்தனை பக்கம் பெறும்? மாநில மொழியில் எழுதப்பட்ட பாடநூலும் மாநிலத்தின் வரலாறும் ‘மாற்றத்துக்கு உதவாத’ பாடங்களாக ஓரங்கட்டப்படும் அபாயம் இங்கேதான் உள்ளது.

ஆனால் மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றின் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளிலும் ஊதியச் செலவின் பெரும்பகுதியை ஏற்பவை மாநில அரசுகளே. நான்காம் ஆண்டு கூடினால் வகுப்பறை, ஆய்வகம், ஆசிரியர் என எல்லாமே கூட வேண்டும். அதற்கு ஒன்றிய அரசு தருவது சுற்றறிக்கை. 2017இல் உயர்கல்வி நிதி முகமையை அமைத்ததிலிருந்து ஒன்றிய அரசின் சொந்த நிறுவனங்களே மானியத்துக்குப் பதிலாகக் கடனை நோக்கித் தள்ளப்படுகின்றன. நாட்டு வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு என்று கோத்தாரி குழு கூறி அறுபது ஆண்டுகள் ஆகின்றன. தேசியக் கல்விக் கொள்கையும் அதே எண்ணை எழுதிவைத்திருக்கிறது. வரவுசெலவுத் திட்டங்களில் அது எட்டப்படவே இல்லை.

இடது ஜனநாயக முன்னணி ஆட்சிக்காலத்தில் கேரளம் 2024 ஜூலையில் நான்காண்டு இளநிலைப் படிப்பைத் தொடங்கியபோது, தனக்கான பாடத்திட்டச் சட்டகத்தைத் தானே வகுத்துக்கொள்ள முயன்றது. நெருக்கடிக்குள்ளும் மாநிலங்கள் இயங்குவதற்கு ஓரளவு வெளி இருப்பதை அது காட்டியது. அங்கும் ஆசிரியர் பணிச்சுமை குறித்த கேள்விகள் எழுந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. மாநிலம் எவ்வளவு கவனமாகத் திட்டமிட்டாலும் நிதியின்றி அந்த வெளி குறுகிக்கொண்டே போகும்.

எத்தகைய மாற்றுரிமை?

எனவே கிரெடிட் மாற்றத்தை மொத்தமாக மறுப்பதைவிட, அதை மாணவரின் உரிமையாக வென்றெடுப்பதற்கான நிபந்தனைகளை முன்வைப்பதே சரியான நிலைப்பாடு. பாட ஒப்பீட்டை ஆசிரியர்கள் இடம்பெறும் மாநில உயர்கல்வி மன்றங்களும் பாடத்திட்டக் குழுக்களும் செய்ய வேண்டும். ஒன்றிய அளவில் குறைந்தபட்ச வரையறை மட்டும் போதும். அந்தப் பணியை ஆசிரியரின் பணிச்சுமைக் கணக்கில் சேர்க்க வேண்டும். இணையவழிப் பாடத்தைக் காட்டி ஒரு பணியிடத்தைக்கூடக் குறைக்கக் கூடாது. மாணவர் மாறினால் உதவித்தொகையும் விடுதி உரிமையும் இட ஒதுக்கீட்டுப் பாதுகாப்பும் அவரோடு செல்ல வேண்டும். அதற்கான நிதியை ஒன்றிய அரசு ஏற்க வேண்டும். ஏழாண்டுக் காலாவதி நீக்கப்பட வேண்டும். முதல், இரண்டாம் ஆண்டுகளில் வெளியேறுவோரின் விவரம் சாதி, பாலினம், வருமானம் வாரியாக ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகளை மாணவர் அமைப்புகளும் ஆசிரியர் சங்கங்களும் தனித்தனியே எழுப்பினால் ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக நிறுத்த ஆட்சியாளர்களால் முடியும். ‘மாணவரின் விருப்பத்துக்கு ஆசிரியரின் சுயநலம் தடை’ என்ற பிரச்சாரம் ஏற்கெனவே நடக்கிறது. இரண்டாம் ஆண்டில் இடைநின்ற மாணவியும் பணியிழந்த கௌரவ விரிவுரையாளரும் ஒரே கணக்கேட்டின் செலவுப் பக்கத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறார்கள். தத்தம் பகுதியிலுள்ள அரசுக் கல்லூரியில் சென்ற ஆண்டு எத்தனை பேர் வெளியேறினர், எத்தனை பணியிடங்கள் நிரப்பப்படவில்லை என்ற இரண்டு விவரங்களைத் திரட்டி மக்கள் முன் வைப்பதிலிருந்து தோழர்கள் இந்தப் பணியைத் தொடங்கலாம்.