பணிக்கொடையும் பழைய நாற்காலியும்

தேவிகுளம் வட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் பணி ஓய்வு என்பது இரட்டைப் பொருள் கொண்டது. பணிக்கொடை கைக்கு வருகிறது. தோட்டம் தந்திருந்த லயத்து வீடு கையைவிட்டுப் போகிறது. பணி செய்த ஆண்டொன்றுக்குப் 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் வரும் அத்தொகைதான் பல குடும்பங்கள் ஒருசேரக் காணும் ஒரே பெருந்தொகை. அதை வீட்டுக்கு வைப்பதா, மகனுக்குத் தொழில் வைத்துக் கொடுப்பதா என்ற கேள்வி அந்த வாரமே எழுந்துவிடும்.

மகனுக்குக் குஷன் வேலை தெரியும் என்று கொள்வோம். மூணாறு போன்ற ஊரில் அது நல்ல கைத்தொழில். பங்களாக்களும் விடுதிகளும் கழித்துப்போடும் நாற்காலிகளில் பெரும்பாலும் மரச்சட்டம் உறுதியாகவே இருக்கும்; கெட்டிருப்பது உறையும் உள்ளடைப்பும்தான். மலைமழையின் ஈரம் மெத்தையை விட்டுவைப்பதில்லை. ஆனால், கடைத்தெருவில் முன்பணம் கொடுத்துக் கடை பிடிக்கலாம் என்று அக்குடும்பம் முடிவெடுக்குமானால், அது தவறு என்பதே என் கருத்து. முதலில் வேண்டியவை நான்கு நாற்காலிகளும், சந்தையில் அவற்றை வைக்கச் சிறிது இடமும் மட்டுமே.

பழைய நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து வாங்க வேண்டும். சட்டத்தில் குண்டூசித் துளைகளும் மாவு போன்ற தூளும் தென்பட்டால் உளு பிடித்திருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். மூட்டு ஆடினால் அஞ்ச வேண்டியதில்லை, பசையும் ஆப்பும் போதும். பழைய துணியைக் கிழிக்காமல் உரித்து வைத்தால் அதுவே புதுத் துணிக்கு அளவு. அடிநாடா தளர்ந்திருக்க, மேலே புது ஃபோம் வைப்பது வீண் வேலை. விரைவில் குழி விழும். ரெக்சின் துடைக்க எளிது, உண்மைதான். ஆயினும் முற்றும் உலராத நாரின்மீது அதைத் தைத்தால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளே பூசணம் பிடிக்கும். அப்படியொரு நாற்காலி வாங்கியவர் அதை ஊருக்கெல்லாம் சொல்லுவார்.

கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். எடுத்துக்காட்டாக, நாற்காலி 600 ரூபாய், ஃபோமும் துணியும் 850, நாடா, ஆணி, நூல் 150, ஜீப் வாடகை 200, ஆக 1,800. அதை 2,200 ரூபாய்க்கு விற்றவர் 400 ரூபாய் இலாபம் என்று மகிழ்கிறார். அதற்கு அவர் இரண்டு நாள் உழைத்திருக்கிறார். நாளுக்கு 600 ரூபாயைத் தம் கூலியாக எழுதியிருந்தால், 800 ரூபாய் இழந்திருப்பது தெரிந்திருக்கும். அடுத்தவருக்குக் கொடுக்கும் கூலியை மறக்காமல் எழுதும் நாம், நம் கூலியை எழுத ஏனோ கூச்சப்படுகிறோம்.

இந்தப் பாடத்தை வாடகைக் கடையில் கற்றால் விலை அதிகம். சந்தையில் கற்றால் ஒரு நாளோடு போகும். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ அமைப்பு ஓணத்தையொட்டிச் சந்தைகள் நடத்துகிறது. வீட்டுப் பெண்கள் அயல்கூட்டத்தில் இருந்தால் அங்கே கேட்டுப் பார்க்கலாம். நாற்காலிகளில் ஒன்றைப் பாதி உரித்த நிலையில் வைப்பது நல்லது. உள்ளே என்ன இருக்கிறது என்று காண்பவருக்கு நம்பிக்கை பிறக்கும். நெரிசலில் நாற்காலியைச் சுமந்து செல்வோர் சிலரே. “எங்கள் வீட்டு சோபாவைத் தைத்துத் தருவீர்களா?” என்று கேட்போரே முக்கியமானவர்கள். அவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒரு நோட்டில் ஏற வேண்டும். அந்த வேலைக்குச் சரக்கில் முதல் முடங்குவதில்லை. துணிக்கு முன்பணமும் கேட்டு வாங்கலாம்.

தையல் இயந்திரத்துக்கும் துணிக்கும் பணம் போதாவிட்டால், 2015இல் வந்த முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் உண்டு. 2020இல் தொடங்கிய ஸ்வநிதி, நகரத்துத் தெருவோர வியாபாரிகளை மனத்தில் கொண்டு பிறந்தது. ஊராட்சிப் பகுதிக்காரர் அதை நம்பியிராமல் முதலில் கிளையில் விசாரிக்க வேண்டும். வங்கியாளர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: இவர்களிடம் கடையின் முகவரியைக் கேட்குமுன் அந்த நோட்டைக் கேளுங்கள்.

பணிக்கொடை அதுவரை வைப்புநிதியில் இருக்கட்டும், அது வீட்டுக்கானது. ஓணச் சந்தையில் இடம்பிடிக்க எண்ணுவோர் சித்திரையிலேயே நாற்காலிகளை வாங்கி உரித்து, சட்டங்களை வெயிலில் உலர்த்திவிட வேண்டும். ஆனி பிறந்துவிட்டால் இந்த மலையில் மரம் எளிதில் உலராது.