ஐம்பது பேரைத் தேட இரண்டரை இலட்சம் பொய் எச்சரிக்கை

கொழும்பில் எதைத் தொட்டாலும் இப்போது செயற்கை நுண்ணறிவுதான். 2024இல் அதற்கான தேசிய உத்தியின் வரைவு வெளிவந்தது. ஆட்சி மாறியது, மோகம் மாறவில்லை. டிஜிட்டல் பொருளாதார அமைச்சை ஜனாதிபதியே தன் கையில் வைத்திருக்கிறார். வரி, பதிவேடு, அடையாள அட்டை என்று போகிறவரை நமக்குப் பெரிய ஆட்சேபம் கிடையாது. ஆனால் பேச்சு இப்போது ஆய்வுகூட வாசலுக்கும் வந்துவிட்டது. நுணுக்குக்காட்டியில் கைபேசியைப் பொருத்தி இரத்தப் படலத்தைப் படம் எடுத்தால், எது நல்ல கலம், எது ஒட்டுண்ணி புகுந்த கலம் என்று கணினியே பிரித்துவிடுமாம். பிறகு தூரத்து மாவட்டங்களில் கண் கடுக்கக் குனிந்திருக்க ஆள் எதற்கு என்கிறார்கள். காற்றாலையையும் கனிய மணல் அகழ்வையும் கேட்காமலே கொண்டுவந்த வழியில் இதையும் மன்னாருக்கு அனுப்பிவைக்க முன், சில கணக்குகளைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார அமைப்பு இலங்கைக்குச் சான்றிதழ் தந்தது 2016 செப்டெம்பர் 5இல். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். இது எல்லோருக்கும் தெரியும். சான்றிதழ் கிடைத்த அதே 2016 டிசெம்பரில், அதன் மை காயுமுன், மன்னார் தீவில் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற நுளம்பு அகப்பட்டதைத்தான் பலர் மறந்துவிட்டார்கள். இந்திய நகரங்களில் மலேரியா பரப்புவது இதுவே. நம் பழைய எதிரியான குலிசிபேசிஸ், வற்றும் ஆறுகளின் குட்டைகளில் வளர்ந்தது. ஸ்டெபன்சிக்கு ஆறு தேவையில்லை, கட்டுக்கிணறும் சீமெந்துத் தொட்டியும் போதும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி முப்பது கிலோமீற்றர்தான். தீவுக்குள் வீட்டுக்கு வீடு கிணறு. இதைவிட வசதியான இடம் அதற்கு எங்கே கிடைக்கும்?

அதைக் கண்டுபிடித்தவர்கள் யார் என்பதையும் சொல்லவேண்டும். மலேரியாத் தடை இயக்கத்தின் பூச்சியியல் பணியாளர்கள் வழமையான கண்காணிப்பில், கிணறு கிணறாக அகப்பையை இறக்கிக் குடம்பிகளை அள்ளி, வளர்த்து, காலிலும் வாயுறுப்பிலும் உள்ள வெண்புள்ளிகளைப் பார்த்து இனம் கண்டார்கள். அப்புறம் கிணறுகளில் குடம்பி தின்னும் மீன்களை விட்டதும், பாவிக்காத கிணறுகளை மூடியதும் அவர்களே. 1911இல் குருநாகலில் தொடங்கிய ஒரு இயக்கம் நூறாண்டுக்கு மேல் சேர்த்துவைத்த கைப்பழக்கம் அது.

இந்த நுளம்பு என்ன செய்யும் என்பதற்கு ஜிபூட்டியைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஜிபூட்டியைப் பற்றி எழுதாத மலேரியாக் கட்டுரையை நான் எழுதியதில்லை, இனியும் எழுதப்போவதில்லை. செங்கடல் வாயிலில் ஒரு துறைமுக நாடு, பத்து இலட்சம் அளவு மக்கள். மலேரியா அங்கே ஒழியும் தறுவாயில் இருந்தது. 2012இல் மொத்த நோயாளிகள் 27 பேர். அந்த ஆண்டுதான் ஸ்டெபன்சி அங்கே முதன்முதலில் பிடிபட்டது. 2020இல் நோயாளிகள் 73,000க்கு மேல். 27 எங்கே, 73,000 எங்கே! எட்டே ஆண்டு. மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம். அதே விகிதத்தை இங்கே வைத்துப் பார்த்தால் ஏழாயிரம் பேருக்கு மேல் காய்ச்சலில் விழுவார்கள். ஜிபூட்டியின் பெருக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டென்று நிபுணர்கள் முணுமுணுப்பார்கள். இருக்கட்டும். நுளம்பு இல்லாமல் அந்தக் காரணங்கள் தனியே எழுபதாயிரம் பேரைப் படுக்கையில் போட்டிருக்காது.

வெளியூர் உதாரணம் வேண்டாமென்றால் நம் வீட்டுக் கணக்கே இருக்கிறது. 1963இல் இலங்கை முழுவதற்கும் பதிவான மலேரியா நோயாளிகள் 17 பேர். வென்றுவிட்டோம் என்று தளர்ந்தோம். 1968, 69இல் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. போர்க்காலத்தில், 1999இல், 264,549 பேர். 17 என்ற எண்ணைக் கண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்த நாடு, பூச்சியம் என்ற எண்ணைக் கண்டு இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு உட்காரப் பார்க்கிறது.

இனி இயந்திரத்தின் கணக்கு. இத்துறையில் எல்லோரும் பாவிக்கும் படத்தொகுப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் வெளியிட்டது, மொத்தம் 27,558 கலப் படங்கள். சிட்டகொங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 150 நோயாளிகள், 50 ஆரோக்கியமானவர்கள் ஆகியோரின் இரத்தத்திலிருந்து எடுத்தவை. செங்குழியம் ஒவ்வொன்றையும் தனித்தனியே வெட்டி எடுத்து, ஒட்டுண்ணி உள்ளது, இல்லாதது என்று பெயரிட்டிருக்கிறார்கள். கணினி அந்த இரு குவியலையும் ஆயிரக்கணக்கான தடவை பார்த்துப் பார்த்து வித்தியாசத்தைப் பிடிக்கப் பழகுகிறது. கல்லூரி மாணவனும் ஒரு வார இறுதியில் 95 சதவீதத்துக்கு மேல் மதிப்பெண் வாங்கிவிடுகிறான்.

அந்தத் தொகுப்பில் மூன்று வசதிகள் ஒளிந்திருக்கின்றன. முதலாவது, இரண்டு குவியலும் சரிபாதி. நோயுள்ள கலம் 13,779, நோயற்ற கலம் 13,779. மன்னாரில் எந்த நாளில் பாதிப் பேருக்கு மலேரியா? இரண்டாவது, அவை பல்சிபாரம் என்ற ஒட்டுண்ணி வகை தொற்றிய நோயாளிகளின் கலங்கள். கடலுக்கு அக்கரையிலிருந்து நமக்கு வரக்கூடியது வைவாக்ஸ் என்ற இன்னொரு வகையும்தான். அது ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிவிட்டு எழும்பும் வகை, கலத்தைப் பெருக்கவைத்து உருவத்தையே மாற்றும் வகை. மூன்றாவது, அவை மெல்லிய படலத்திலிருந்து எடுத்தவை. கண்காணிப்பில் முதலில் பார்ப்பது தடித்த படலத்தை. அதில் செங்குழியங்கள் வெடித்துக் கரைந்துபோயிருக்கும், மிஞ்சுவது வெண்குழியங்களின் கருக்களும் ஒட்டுண்ணிகளும் சாயத் துணிக்கைகளும்தான். வெட்டி எடுக்கக் கலமே இல்லாத இடத்தில் கலத்தை எப்படி வகைபிரிப்பது?

95 சதவீதம் என்பதன் பொருளையும் பார்த்துவிடுவோம். எண்ணெய் வில்லையின் கீழ் மெல்லிய படலத்தில் ஒரு காட்சிப்புலத்துக்கு ஏறத்தாழ 200 செங்குழியம். நூறு புலம் பார்த்தால் 20,000. நோயே இல்லாத ஒருவரின் சிலைட்டில் நூற்றுக்கு ஐந்து பிழை என்றால், ஆயிரம் கலங்களில் ஒட்டுண்ணி இருப்பதாக இயந்திரம் கூவும்.

கல்லூரிப் பயிற்சியை விடுங்கள், களத்தில் இறங்கிய இயந்திரம் என்ன செய்தது என்பார்கள். ஈஸிஸ்கேன் கோ என்ற தானியங்கி நுணுக்குக்காட்டியை 11 நாடுகளில் 2,250 சிலைட்டுகளில் சோதித்த முடிவு 2022இல் வெளிவந்தது. நோயுள்ளவர்களில் 91.1 சதவீதத்தினரைப் பிடித்தது. நோயற்றவர்களில் 75.6 சதவீதத்தினரையே நோயற்றவர் என்றது. நல்ல தரமான சிலைட்டாகப் பொறுக்கிக் கொடுத்தபோதும் அது 85.1இல் நின்றது.

75.6. இந்த எண்ணைச் சுகாதார அமைச்சின் வாசற்கதவில் எழுதி ஒட்டவேண்டும். சான்றிதழ் வாங்கிய காலத்தில் இலங்கை ஆண்டுக்குப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இரத்தப் படலங்களைப் பார்த்தது. வெளிநாட்டிலிருந்து நோயோடு வந்தவர்கள் ஐம்பதைச் சுற்றி. பத்து இலட்சத்தையும் அந்த இயந்திரத்திடம் கொடுத்தால் பொய் எச்சரிக்கை மட்டும் 2 இலட்சத்து 44 ஆயிரம். மடுமாதா ஆவணித் திருவிழாவில் தொலைந்த ஒரு பிள்ளையை, நீலச் சட்டை போட்டவன் என்று மட்டும் ஒலிபெருக்கியில் சொல்லித் தேடுவது போன்றது இது. மைதானத்தில் கால்வாசிப் பேர் நீலச் சட்டையோடு நிற்பார்கள்.

மீதி ஏழரை இலட்சம் சிலைட்டைப் பார்க்கும் வேலை மனிதருக்கு மிச்சமாகுமே என்று கேட்பவர்கள் உண்டு. மிச்சமாகும். கூடவே ஐம்பது பேரில் நாலைந்து பேரும் அந்த ஏழரை இலட்சத்துக்குள்ளேயே போய்விடுவார்கள். 2018 டிசெம்பரில் மொனராகலையில் ஒரு உள்ளூர்க்காரருக்கு வைவாக்ஸ் வந்தது. இந்தியாவிலிருந்து வந்து வேலை செய்த ஒரே ஒரு தொழிலாளியிடமிருந்துதான் அது பரவியது. நாலைந்து பேர் வேண்டாம், ஒருவர் போதும். அவர் மொனராகலைக்குப் பதில் மன்னாருக்கு வந்திருந்தால்?

தொழில்நுட்பம் வளரும், அடுத்த பதிப்பு திருந்தும் என்பது இன்னொரு பதில். வளரட்டும், வளர்ந்தபின் வரட்டும். அதற்குமேல் அந்த வாதத்துக்குப் பதில் சொல்ல இடத்தைச் செலவிட நான் தயாரில்லை. துரிதப் பரிசோதனை அட்டை இருக்கிறதே என்பவர்களுக்கு எரித்திரியா, எத்தியோப்பியாவை நினைவூட்டலாம். அட்டை தேடும் புரதத்தையே இழந்துவிட்ட பல்சிபாரம் அங்கே உலவுகிறது, அட்டை அதைக் காணாது. கண்டுபிடிப்பது கடைசியில் நுணுக்குக்காட்டிதான்.

எல்லா இயந்திரமும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. பெரிய வைத்தியசாலைகளில் வெண்குழியங்களை வகைபிரித்து எண்ணும் சுவீடனின் செல்லாவிஷன் போன்ற கருவிகள் நெடுங்காலமாக ஒழுங்காக வேலை செய்கின்றன. அங்கே எந்த இரத்தத்திலும் எல்லா வகை வெண்குழியமும் இருக்கும், விகிதம்தான் கேள்வி. காசநோய்க்கு நெஞ்சுப் படத்தைக் கணினி வாசிக்கலாம் என்று உலக சுகாதார அமைப்பே 2021இல் பரிந்துரைத்தது. சரி. காசநோய் நிறைந்த இடத்தில், சளிப் பரிசோதனை அடுத்த படியாகக் காத்திருக்கும்போது, பொய் எச்சரிக்கை தாங்கக்கூடியது. இல்லாத நோயை இல்லை என்று ஆண்டுதோறும் உறுதிசெய்யும் வேலை வேறு. இருப்பதைத் தேடப் பழகிய இயந்திரத்துக்கு இல்லாமையைப் பார்க்கத் தெரியாது.

மலேரியா தப்பிப் போகிற ஓட்டை நுணுக்குக்காட்டியில் இல்லை என்பதுதான் முக்கியம். காய்ச்சலோடு வந்தவரிடம் கடைசியாக எந்த நாட்டில் இருந்தீர்கள் என்று வைத்தியர் கேட்காதபோதே அவர் தப்பிவிட்டார். அவருடைய விரல் நுனியில் யாரும் ஊசி குத்தவில்லை, சிலைட்டே தயாராகவில்லை. எடுக்காத சிலைட்டை எந்தக் கணினி வாசிக்கும்? எடுத்த சிலைட்டும் பழுதாகலாம். ஜிம்சாச் சாயத்துக்குக் கார அமிலச் சமநிலை 7.2இல் நிற்கும் தாங்கல் நீர் வேண்டும். அது பிசகினால் சாயம் படிந்து புள்ளி புள்ளியாகும், செங்குழியத்தின் மேல் ஒட்டிய குருதிச் சிறுதட்டும் ஒட்டுண்ணி போலத் தெரியும். பழகிய ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் சாயத்தைக் குறை சொல்லி இன்னொரு சிலைட் கேட்பார். இயந்திரம் நோயாளியைக் குறை சொல்லும்.

நோய் குறைந்ததால் அந்தக் கண்களும் மங்கத் தொடங்கியிருக்கின்றன என்ற கவலை நியாயமானது. ஆண்டுக்கணக்கில் ஒட்டுண்ணியையே காணாதவர் அது வரும் நாளில் அடையாளம் காண்பாரா? அதற்கு மருந்து பழைய நேர்மறைச் சிலைட்டுகளைக் கலந்துவைத்து அடிக்கடி பரீட்சிப்பதும், பயிற்சியும், ஆட்சேர்ப்பும். கண் மங்குகிறது என்று கண்ணைப் பிடுங்குவது வைத்தியம் ஆகாது.

ஆகவே சுகாதார அமைச்சிடம் ஒரு கோரிக்கை. தானியங்கிக் கலவாசிப்பு இயந்திரம் எதையும் இந்த நாட்டில் வாங்குமுன் அதை மன்னாருக்கு அனுப்புங்கள். ஓராண்டு முழுக்க, இங்குள்ள காய்ச்சல்காரரின் தடித்த படலங்களை, இங்குள்ள சாயத்தில், இங்குள்ள மின்வெட்டில் அது வாசிக்கட்டும். ஆயிரம் நல்ல சிலைட்டில் ஒன்றுக்கு மேல் பொய் சொன்னால் திருப்பி அனுப்புங்கள். இங்கே தோற்ற இயந்திரம் மலேரியா ஒழிந்த எந்த நாட்டிலும் தோற்கத்தான் செய்யும். அந்த ஓராண்டுக்குள், இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் தீவுக்கு மேலதிகமாக ஒரு பூச்சியியல் உத்தியோகத்தரையும் ஒரு ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளரையும் நியமியுங்கள். 2016இல் நுளம்பைப் பிடித்தவர்களுக்கு இந்த நாடு பட்ட கடனில் அது வட்டிகூட ஆகாது.