வாக்குத்தத்த அட்டையில் வராத பதில்

போன மாதம் நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து அக்கா போன் செய்தாள். பிளஸ் டூ முடித்த மகளை நர்சிங் சேர்ப்பதா, பக்கத்தில் கடலூரிலேயே பி.காம். சேர்ப்பதா என்று குழப்பம். நர்சிங் என்றால் வெளியூர், ஹாஸ்டல்.

"ஒரு வாரமா உபவாசம் இருக்கேன்டி. தினமும் காலையில கண்ணை மூடிக்கிட்டு வேதத்தைத் திறந்து விரல் வைக்கிறேன். இன்னைக்கு நாளாகமத்துல வம்ச வரலாறு வந்துச்சு. அதுக்கு என்ன அர்த்தம்?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நானும் அப்படி விரல் வைத்தவள்தான். டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து, வாக்குத்தத்த அட்டை எடுக்க வரிசையில் நிற்கும்போது, 'நல்லதா வரணுமே' என்று மனம் படபடக்காதவர் நம்மில் எத்தனை பேர்? அந்த அட்டை ஆறுதல் தரும். வருஷம் முழுக்க அதைப் பர்ஸில் வைத்திருக்கிறேன். ஆனால் எந்தக் கல்லூரி, எந்த வரன், யாருக்குக் கடன் கொடுப்பது என்பதையெல்லாம் அதனிடம் கேட்கிறோமே, அங்கேதான் எனக்கு இடறுகிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்தில் யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்குகிறார். அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்தில் யாரும் சீட்டுப் போட்டதாகக் காணோம். பதினைந்தாம் அதிகாரத்தில் பெரிய சிக்கல் வருகிறது. உட்கார்ந்து பேசுகிறார்கள், வாதாடுகிறார்கள், ஒருவர் சொல்வதை மற்றவர்கள் கேட்கிறார்கள். பிறகு ஒருமனமாக முடிவு எடுக்கிறார்கள். ஞானத்தில் குறைவுள்ளவன் கேட்கட்டும் என்று யாக்கோபும் எழுதியிருக்கிறார்.

ஐடா ஸ்கடர் நினைவுக்கு வந்தார். 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா, அப்பா எல்லாருமே மிஷனரி டாக்டர்கள். ஆனால் அவருக்கு மட்டும் மிஷனரியாக விருப்பமே இல்லை. 1890-இல் அம்மாவுக்கு உடம்பு முடியாததால்தான் திண்டிவனத்துக்கு வந்தார், திரும்பிப் போய்விடும் எண்ணத்தோடு. ஓர் இரவு அடுத்தடுத்து மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிமாரும் பிரசவ வேதனையில் தவித்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரான அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. இரவெல்லாம் தூங்காமல் ஜெபித்தார். விடிந்ததும் சாவுமேளம் கேட்டது. மூன்று பெண்களுமே இறந்துபோனார்கள்.

அன்றே டாக்டருக்குப் படிப்பதென்று முடிவெடுத்தார். ஆனால் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1895-இல், படிப்பை முடித்தது 1899-இல். வழி ஒரே இரவில் தெரிந்தது, அதில் நடக்க ஆண்டுகள் ஆயின. 1900-இல் வேலூர் வந்து சிறிதாக ஆரம்பித்த வேலைதான் இன்று நாம் ரயிலேறிப் போகிற சி.எம்.சி. மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியையும் அங்கே தொடங்கினார்.

ஐடாவுக்கு அன்று எந்த அட்டையும் வரவில்லை. கதவைத் தட்டும் சத்தம்தான் வந்தது.

எங்கள் திருவதிகையில், தம்பி நாவுக்கரசருக்காகக் காத்திருந்த திலகவதியாரைப் பற்றி இன்றும் பேசுவார்கள். காத்திருப்பது எந்தச் சமயத்தாருக்கும் சுலபமில்லை. அக்கா மட்டும் அவசரப்பட மாட்டாளா என்ன?

சனிக்கிழமை பஸ் பிடித்து நெய்வேலிக்குப் போனேன். அக்கா காபி போட உள்ளே போன நேரம் பார்த்து மகளிடம் கேட்டேன்: "உனக்கு என்னம்மா தோணுது?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "நானும்தான் சித்தி ஜெபம் பண்றேன். எனக்கு என்ன பதில் வந்துச்சுன்னு யாருமே கேட்கலை."

சுருக்கென்றது. ஒரு வாரமாக அக்கா கர்த்தரிடம் கேட்டாள், பாஸ்டரிடம் கேட்டாள், என்னிடமும் கேட்டாள். பக்கத்து அறையில் இருக்கிறவளிடம் மட்டும் கேட்கவில்லை. நானும்தான் போனில் கேட்கத் தவறினேன்.

"நர்சிங்தான் பிடிச்சிருக்கு. ரெண்டு வருஷமா ஆயாவுக்கு இன்சுலின் ஊசி நான்தான் போடுறேன். அப்பவே தெரிஞ்சுபோச்சு. ஆனா நான் ஹாஸ்டலுக்குப் போயிட்டா ஆயாவுக்கு யாரு போடுவா? அம்மாவுக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும்."

காபி தம்ளரோடு வாசற்படியில் நின்றிருந்த அக்கா இதைக் கேட்டுவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால், "ஊசியை எப்படிப் பிடிக்கணும், காட்டு" என்று மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

இப்போது மகள் பக்கத்தில் நிற்க, அக்காதான் ஊசி போடுகிறாளாம். கை இன்னும் நடுங்குகிறது, ஆயாதான் தைரியம் சொல்கிறார் என்று நேற்று போனில் சொன்னாள்.