சப்வூபரை ஒருக்கா நிப்பாட்டிப் பாருங்கோ

எங்கட பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் புது செட் வந்தால், பாக்கப் போற பெடியள் கேட்கிற முதல் கேள்வி "பேஸ் எப்பிடி?" என்பதுதான். குரல் எப்பிடி இருக்கு, புல்லாங்குழல் தெளிவாக் கேக்குதா எண்டு ஒருத்தரும் கேட்டதை நான் காணேல்லை. வீட்டுக்காரரும் உடன ரிமோட்டை எடுத்து சப்வூபரை முழுசா ஏத்திவிடுவார். ஷோகேஸுக்குள் கிடக்கிற கோப்பையும் சோசரும் கிலுகிலுக்கும். வந்த ஆக்களுக்குத் திருப்தி.

அது பேஸ் இல்லை, அறை அதிர்கிற சத்தம் எண்டதுதான் என்ர வாதம். ஒழுங்காக செட் பண்ணின சப்வூபர் வீட்டில் இருக்கிறதே தெரியக்கூடாது. மூலையைக் காட்டி "அங்க இருந்துதான் வருது" எண்டு சொல்ல முடிஞ்சால் ஏதோ பிழை நடந்திருக்கு. ஆர்ட்ஸ் படிக்கிற ஆளுக்கு ஹேர்ட்ஸ் கணக்கு எதுக்கு எண்டு கேட்பியள். பாட்டுகளைப் பற்றி இவ்வளவு எழுதுறம், வரியைப் பிடிச்சுச் சண்டை பிடிக்கிறம். அந்த வரியே கேட்காத மாதிரி செட்டை வைச்சிருந்தால் எதைப் பற்றித்தான் எழுதுறது?

மனுசக் காதுக்குக் கேட்கிறது ஏறக்குறைய 20 ஹேர்ட்ஸில் இருந்து 20,000 ஹேர்ட்ஸ் வரை. சப்வூபருக்கு உரியது அதில் அடியில் கிடக்கிற சின்னத் துண்டு மட்டும்: 20இல் இருந்து 80 அல்லது 100 வரை. ஆம்பிளைக் குரலின் அடிச்சுருதியே 85க்கு மேலதான் தொடங்குது. பாட்டின் சொல் எல்லாம் அதுக்கும் எவ்வளவோ மேல. ஆனா எங்கட வீடுகளில் பின்பக்கக் குமிழைத் திருப்பி, சப்வூபரை 200 வரைக்கும் பாட விட்டிருப்பினம். பிறகு பாடுறவர் குடத்துக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுற மாதிரிக் கேக்கும். அந்தக் குமிழுக்குப் பேர் கிராஸ்ஓவர். எந்தச் சத்தம் சப்வூபருக்கு, எந்தச் சத்தம் ஸ்பீக்கருக்கு எண்டு எல்லை பிரிக்கிறது அதுதான். ஓரளவு பெரிய ஸ்பீக்கர், அதாவது 5 அங்குலக் கூம்பு உள்ளது எண்டால் 80இல் வைக்கலாம். 80க்குக் கீழ சத்தம் எந்தத் திசையில் இருந்து வருது எண்டு காதுக்குப் பெரிசாப் பிடிபடாது, அதனால் பெட்டி ஒளிஞ்சுகொள்ளும். சந்தையில் கிடைக்கிற சின்ன 2.1 செட்டுகளில் ஸ்பீக்கர் உள்ளங்கை அளவுதான். அதுகளால் அவ்வளவு கீழ இறங்க ஏலாது, ஆனபடியால் 120, 150 எண்டு வைக்கத்தான் வேணும். அப்ப சப்வூபரை இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் வைக்கிறது நல்லது. மூலையில் தள்ளினால் குரலின் அடிப்பாதி ஒரு பக்கமும் மேல்பாதி இன்னொரு பக்கமும் நிண்டு கதைக்கும்.

இனி அறை. இதைத்தான் ஒருத்தரும் கணக்கெடுக்கிறதில்லை. எங்கட வெக்கையில் சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் போகும். 40 ஹேர்ட்ஸ் சத்தத்தின் ஒரு அலை 8.7 மீற்றர் நீளம். அதில் பாதி 4.3 மீற்றர் வரும், எங்கட அளவில் 14 அடி. ஊரில் எத்தனை ஹோல் 14 அடி நீளம் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. அப்பிடியான ஹோலில் அந்த அலை இரண்டு சுவருக்கும் நடுவில் மாட்டுப்பட்டு நிண்டுவிடும். சுவரோரம் இடி மாதிரிக் கேக்கும். நடு ஹோலில் அநேகமா ஒண்டும் கேக்காது.

இப்ப நடக்கிறதைப் பாருங்கோ. ரிமோட்டை வைச்சிருக்கிறவர் நடு ஹோலில் கதிரை போட்டு இருக்கிறார். அவருக்குப் பேஸ் காணாது. ஏத்துறார். இன்னும் காணாது, இன்னும் ஏத்துறார். சுவரோட கட்டில் போட்டுப் படுத்திருக்கிற அம்மம்மாவுக்கு நெஞ்சுக்குள்ள இடிக்குது. "தம்பி, குறையன் ராசா" எண்டு அவ கூப்பிட்டால், "இது ஒரு சத்தமே அம்மம்மா?" எண்டு இவர் கேட்பார். இரண்டு பேரும் சொல்றது உண்மைதான், ஆனா கேட்கிறது ஒரே பாட்டை இல்லை.

இதுக்கு வழி காசில்லாத வழி. கதிரையைத் தள்ளிவிட்டு, நீங்கள் வழமையா இருக்கிற இடத்தில் சப்வூபரைத் தூக்கி வையுங்கோ. பேஸ் கிற்றார் ஏறி இறங்கி நடக்கிற ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமா நிலத்தில் தவழ்ந்து போங்கோ. வீட்டில் சிரிப்பினம், சிரிக்கட்டும். பேஸின் ஒவ்வொரு சுரமும் ஒரே அளவாக் கேட்கிற இடம் ஒண்டு வரும். பெட்டிக்கு உரிய இடம் அதுதான். மூலையில் வைச்சால் இரண்டு சுவரும் நிலமும் சேர்ந்து சத்தத்தைக் கூட்டும் எண்டது சரி. ஆனா எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் கூட்டாது. இளையராஜா பேஸ் கிற்றாருக்கு எண்டு தனியா ஒரு மெட்டே போட்டு வைச்சிருப்பார். மூலைச் சப்வூபரில் அது முழுக்க ஒரே 'டும் டும்' ஆகிவிடும்.

ஸ்பீக்கர்களின் நிலைமை இன்னும் மோசம். ஒண்டு ஷோகேஸுக்கு மேல, மற்றது கதவுக்குப் பின்னால. இரண்டும் காது உயரத்தில், நீங்கள் இருக்கிற இடத்தோட ஒரு முக்கோணம் வாற மாதிரி இருந்தால்தான் குரல் நடுவில் வந்து நிக்கும். வயரையும் பாருங்கோ. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறிக் கிடந்தால், ஒண்டு முன்னுக்குத் தள்ளுற நேரம் மற்றது பின்னுக்கு இழுக்கும். பேஸ் மெலிஞ்சுபோகும், குரல் எங்க இருந்து வருது எண்டே தெரியாது. உடன எங்கட ஆக்கள் செய்யிறது என்ன? சப்வூபரை ஏத்துறது.

எங்கட சீமெந்து நிலமும் வெறுஞ்சுவரும் மேல்சத்தத்தைத் திருப்பித் திருப்பி அடிக்கும், அதிலயும் சொல் கரையும். தடிச்ச திரைச்சீலை ஒண்டும் பாய் ஒண்டும் செய்யிற வேலையைப் புது அம்பிளிபயர் செய்யாது.

கடையில் பெட்டியில் ஒட்டியிருக்கிற "5000 வாட் பிஎம்பிஓ" எண்டதை நம்பி வாங்கிறவைக்கு ஒரு சொல்லு. பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கோ, மின்நுகர்வு 60 வாட் எண்டு இருக்கும். சுவரில் இருந்து 60 எடுக்கிற பெட்டி 5000ஐ எங்க இருந்து குடுக்கும்? ஆர்எம்எஸ் எண்டு போட்டிருக்கிற எண்தான் கணக்கு. கனடாவில் இருந்து மாமா கொண்டுவந்த செட் எண்டால் அதுக்கு முதல் அது எத்தனை வோல்ற் எண்டு பாருங்கோ. அங்க 120, இங்க 230. நேர செருகினால் பேஸும் இல்லை, செட்டும் இல்லை.

பேஸ் பிடிக்கிறது குற்றம் எண்டு நான் சொல்லேல்லை. பபரே வாசிக்கிற இடத்தில் பெரிய மேளத்துக்குப் பக்கத்தில் நிண்ட ஆளுக்குத் தெரியும், நெஞ்சில் வந்து விழுகிற அந்த அடியின் சுகம். ஆனா அந்த அடி அடிச்ச உடன நிக்கும். எங்கட ஹோலில் கேட்கிறது நிக்காமல் இழுபடுற முழக்கம். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தியின் தவிலை இதில போட்டுப் பாருங்கோ. பழைய ஒலிப்பதிவு, அதில் 30, 40 ஹேர்ட்ஸில் பெரிசா ஒண்டுமில்லை. சப்வூபர் கூட்டிக் குடுக்கிறது ஒலிப்பதிவில் இருக்கிற உறுமலைத்தான். வலந்தலையில் விரல் விழுகிற நுணுக்கம் அதுக்குள்ள தாண்டுபோகும்.

அடுத்தது மதிலுக்கு அங்கால. கல்லுச் சுவர் கதைக்கிற சத்தத்தை மறிக்கும், 40 ஹேர்ட்ஸை மறிக்கிறது கஷ்டம். அதோட எங்கட வீடுகளில் சுவருக்கும் கூரைக்கும் நடுவில் இடைவெளி, ஜன்னல் எல்லாம் திறந்தபடி. ஆனபடியால் பக்கத்து வீட்டுக்குப் போறது பாட்டு இல்லை. மெட்டும் சொல்லும் எங்கட வீட்டோட நிக்க, முழக்கம் மட்டும் அங்க போகுது. அங்க ஏஎல் எடுக்கப் போற ஒரு பிள்ளை இருக்கலாம். அதைவிட, தூரத்தில் 'தும்' எண்டு கேட்டு ஜன்னல் அதிர்ந்தால் நித்திரையால எழும்பி இருக்கிற ஆக்கள் எங்கட ஊரில் இன்னும் இருக்கினம். அந்தச் சத்தம் எதை நினைவுபடுத்துது எண்டு அவை எங்களுக்குச் சொல்லுறதில்லை. மதிலால எட்டிப் பாத்து "கொஞ்சம் குறையுங்கோ" எண்டு மட்டும் சொல்லுவினம். அதுக்கு "ரசனை இல்லாத சனம்" எண்டு பேர் வைக்கிறது எனக்குச் சரியாப் படேல்லை. கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுத்திச் சுத்திப் பாட்டுக் கேட்ட சனம் அது. ரசனையை நாங்கள் அவைக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல்ல சப்வூபரை நிப்பாட்டிவிட்டு, நல்லாத் தெரிஞ்ச ஒரு பாட்டை ஸ்பீக்கரில் மட்டும் கேளுங்கோ. குரல் நடுவில் நிக்கும் வரைக்கும் ஸ்பீக்கரை நகர்த்துங்கோ. பிறகு சப்வூபரைப் போட்டு, மெல்ல மெல்ல ஏத்தி, அது இருக்கு எண்டு தெரியிற இடத்தில் நிறுத்தி, அதில் இருந்து கொஞ்சம் இறக்குங்கோ. பின்னால 0, 180 எண்டு ஒரு சுவிச் இருந்தால் இரண்டையும் மாத்திப் பாருங்கோ, எதில பேஸ் நிறைவா இருக்கோ அதில விடுங்கோ. ராவில சத்தத்தைக் குறைச்சால் பேஸ் காணாமல் போன மாதிரி இருக்கும். செட்டில் பிழை இல்லை, சின்னச் சத்தத்தில் கீழ்ச்சுரங்களைக் காது குறைச்சுத்தான் கேக்கும். பிளெட்சர், மன்சன் எண்ட இரண்டு பேர் 1933இலயே அளந்து காட்டின விஷயம். அந்த நேரம் சப்வூபரை ஏத்தாமல் ஹெட்போனைப் போடுங்கோ.