துவக்குக்கு அனுமதி, தோட்டாவுக்கு?

கதிர் முற்றிய வயலின் நடுவே, காவற்கொட்டிலில் கண்விழித்திருக்கும் கமக்காரனுக்குத் துவக்கு ஆடம்பரப் பொருளன்று. மண்வெட்டியைப் போல அதுவும் அவன் தொழிற்கருவியே. பன்றிக் கூட்டம் ஒரே இரவிற் புகுந்து ஒரு போகத்து உழைப்பை உழுதுவிட்டுப் போகின்றது. விடிந்தபின் எஞ்சி நிற்பது பட்ட கடன் மட்டுமே. இதனை அரசாங்கமும் அறியும். பயிர்ப் பாதுகாப்புக்கென மாவட்டச் செயலாளர் வழியாகத் துவக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்படுவதும், 2025 மார்ச் 15ஆம் நாள் காலை 8 மணி தொடக்கம் 5 நிமிட நேரம் நாடெங்கும் குரங்கும் மயிலும் மர அணிலும் எண்ணப்பட்டதும் அதற்குச் சான்றுகளாம்.

ஆனால், துவக்கைக் கொடுத்த கை தோட்டாவை மறந்துவிட்டது என்பதே எமது முறைப்பாடு.

எம்மை நாடி வரும் கமக்காரர் கூறுவது ஒன்றே. அனுமதிப்பத்திரம் பெற அலைந்த அலைச்சல் போதாதென்று, தோட்டா பெறவும் அலையவேண்டும். கிடைக்கும் வேளையில் விலை கைக்கெட்டாது. கைக்கெட்டும் வேளையில் அறுவடை முடிந்துவிடும். பன்றியோ அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை. ஆகவே ஏழைக் கமக்காரன் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே வெறுந் தோட்டாவுக்கு மருந்திடுகிறான். அல்லது இடியன் துவக்கின் வாய்வழியே கைக்கணக்கில் மருந்தை இட்டு இடிக்கிறான். மிஞ்சிய மருந்து அடுப்பங்கரைப் பரணில் ஏறுகின்றது. அதே வீட்டில் குழந்தைகளும் உறங்குகின்றனர்.

இங்கே சட்டம் என்ன கூறுகின்றது? துவக்கை ஆள்வது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் அதன் தண்டனைகளைக் கடுமையாக்கிற்று. வெடிமருந்தை ஆள்வதோ 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டம். இரண்டும் வெவ்வேறு சட்டங்கள். துவக்குக்குப் பெற்ற அனுமதி, மருந்து செய்வதற்குப் பெற்ற அனுமதி ஆகாது. "ஐயா, என்னிடம் துவக்குப் பத்திரம் உண்டே" என்று குற்றவாளிக் கூண்டில் நின்று கூறுவதனால் பயன் விளையாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் நிழலில் வாழ்ந்து பழகிய எம்மவருக்கு, ஒரு தமிழன் வீட்டில் ஒரு போத்தல் வெடிமருந்து அகப்பட்டால் எத்தகைய ஐயங்கள் எழும் என்பதைக் கூறவும் வேண்டுமா?

வீட்டில் மருந்திடுதல் அமெரிக்காவில் இல்லையா எனக் கேட்போர் உளர். உண்டு. கைத்துப்பாக்கியின் வெறுந் தோட்டாவை எடுத்து, புதிய கேப்பும் மருந்தும் ரவையும் இட்டு, சொந்தத் தேவைக்கு மீளப் பயன்படுத்துவோர் அங்கே ஏராளம். விற்பனைக்கெனச் செய்பவனுக்கே அந்நாட்டு மத்திய சட்டம் உரிமம் கேட்கின்றது. ஆயினும் அச்சுதந்திரத்தின் பின்னால் நிற்கும் ஒழுங்கையும் காணவேண்டும். அங்கே மருந்து தொழிற்சாலையிற் செய்யப்பட்டது, அளவு நூலில் அச்சிடப்பட்டது, தராசில் நிறுக்கப்படுவது. ஒரு தோட்டாவில் இருமுறை மருந்து விழுந்தால் துப்பாக்கியே கையில் வெடிக்கும் என்பதை அவர்கள் அறிவர். ஆதலின் ஒவ்வொரு பெட்டியிலும் மருந்தின் வகையும் அளவும் நாளும் எழுதி ஒட்டுவர்.

களஞ்சியப்படுத்துவதற்கும் அங்கே விதி உண்டு. தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் இலக்க விதிக்கோவை, வீடொன்றிற் புகையில்லா மருந்து 20 றாத்தல் வரை முதற் கலத்திலேயே இருக்கலாம் என்கின்றது. அதற்கு மேற்பட்டால், ஓரங்குலக் கனமுள்ள மரப்பெட்டி வேண்டுமாம். இரும்புப் பெட்டியன்றோ பாதுகாப்பு என எம்மவர் எண்ணுவர். அது பெரும் பிழை. தீப்பட்ட மருந்தை இறுக அடைத்து வைத்தால் அமுக்கம் ஏறிப் பெட்டியே குண்டாகிவிடும்; மரப்பெட்டி அமுக்கத்துக்கு வழிவிடும். எமது கமக்காரன் கையாளும் கருமருந்தோ அதனினும் கொடியது. ஒரு பொறி பட்டாற் போதும். தராசும் நூலும் தகுந்த கலமும் இல்லாதவனுக்கு அமெரிக்கன் வழி வழியாகாது.

எம்மவர் குற்றத்தையும் மறைத்தல் நேர்மையன்று. மருந்து வீட்டில் மலிந்தால் அது துவக்கோடு நிற்பதில்லை. கட்டுத்துவக்காக வரம்பில் ஒளிந்து, அயல் வயற்காரனின் காலைப் பறிக்கின்றது. தீனிக்குள் வைத்த வெடியாகிப் பன்றிக்குக் குறிவைத்து, யானைக் கன்றின் வாயைச் சிதைத்து, பல நாள் பட்டினியாற் கொல்கின்றது. பயிரைக் காப்பது உரிமை. கண்காணா இடத்தில் மரணத்தைக் கட்டிவைப்பது உரிமையன்று. அத்தகையோருக்காக வாதாட நேர்ந்தாலும், அச்செயலுக்காக நாம் வாதாடமாட்டோம்.

செய்யவேண்டியது யாது? 2024ஆம் ஆண்டின் இறுதியில், தற்பாதுகாப்புக்கென வழங்கிய துவக்குகளையும் தோட்டாக்களையும் மீளாய்வுக்காக வெலிசறைக் கடற்படை வளாகக் களஞ்சியத்தில் ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. தோட்டாவைத் திரட்டிக் காக்க அறிந்த அரசாங்கத்துக்கு, அதனைப் பங்கிட்டுக் காக்கத் தெரியாதா? ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும், பொலிசாரின் மேற்பார்வையில், தோட்டாக் களஞ்சியம் ஒன்று அமைக்கப்படுதல் வேண்டும். அனுமதிப்பத்திரம் உடையவனுக்குப் போகத் தொடக்கத்தில் நியாய விலையில் எண்ணித் தோட்டா கொடுக்கவேண்டும். போக முடிவில் வெறுந் தோட்டாவையும் மிச்சத்தையும் எண்ணி ஏற்கவேண்டும். கமக்காரர் அமைப்பிடம் அக்கணக்கின் பிரதி ஒன்று இருத்தல் வேண்டும். வெறுந் தோட்டா திரும்பினால் வீட்டில் மருந்திடவும் இடமிராது.

விண்ணப்பமும் பதிவேடும் விதிகளும் தமிழில் இருத்தல் வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தம் வடக்குக் கிழக்கில் அதனை நிருவாக மொழியாக்கிற்று. விளங்காத மொழியில் எழுதிய விதியை மீறினான் என்று ஒரு கமக்காரனைத் தண்டிப்பது நீதியாகுமா?

அரசாங்கம் அசையும்வரை எமது கடமை என்ன? கமக்காரப் பெருமக்களே, வீட்டில் மருந்திடாதீர்கள். வாங்கிய தோட்டாவை ஈரமும் நெருப்பும் அணுகாத இடத்தில், துவக்கினின்றும் வேறாக, பூட்டி வையுங்கள். திறப்பு உங்கள் மடியில் இருக்கட்டும். கற்றறிந்த நண்பர்களே, கிராமத்துக்குச் செல்லுங்கள். இரு சட்டங்களின் வேறுபாட்டை எடுத்துரையுங்கள். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் மாவட்டத்தில் எத்தனை பயிர்த் துவக்குகள், எத்தனை தோட்டாக்கள் என்று எழுதிக் கேளுங்கள். அவ்விடை கையில் இருந்தால் எமது கோரிக்கையைத் தட்டிக் கழிப்பது எளிதன்று.

நெல்லைக் காக்கப் புறப்பட்டவன் தன் கையை இழந்து வீடு திரும்பலாகாது. விலங்கு பூண்டும் திரும்பலாகாது.